ஆழ்கடல் இருளுக்குள் இறங்கியவர்



ஒருநாள் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒளியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வெயிலே எட்டாத கடலின் ஆழத்தில் மீன்களுக்கு எப்படி ஐயா கண் தெரியும் என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். சின்னக் கேள்விதான். ஆனால் இப்படிப்பட்ட கேள்விக்கு விடை தேடித்தான் ஒரு மனிதர் தம் உயிரையே பணயம் வைத்துக் கடலுக்குள் இறங்கினார். அவர்தான் வில்லியம் பீபி. அவருடைய கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

பீபி 1877-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் அமெரிக்காவில், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். சிறு வயதிலேயே பறவை, பூச்சி என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்தார். ஆனால் பட்டம் வாங்கவில்லை. 1899-இல் நியூயார்க் விலங்கியல் பூங்காவில் பறவைப் பிரிவில் வேலைக்கு அமர்ந்தார். காட்டுக்கோழி, மயில் இனங்களைத் தேடி 1909 கடைசியில் ஆசியப் பயணம் புறப்பட்டார். இலங்கை, இந்தியா, பர்மா எல்லாம் சுற்றினார். நம் மலாயாக் காடுகளுக்கும் வந்து போனார் என்றால் பாருங்களேன்!

பறவையைத் தேடித் திரிந்தவர் பிறகு கடலின் பக்கம் திரும்பினார். அந்தக் காலத்தில் ஆழ்கடல் உயிர்களை வலை போட்டுத்தான் பிடிப்பார்கள். மேலே வரும்போது அவை செத்து, சிதைந்து, நிறமும் ஒளியும் போய்க் கிடக்கும். உயிரோடு அவை எப்படி இருக்கும் என்று கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. நாமே இறங்கிப் பார்த்தால் என்ன என்று பீபி நினைத்தார்.

அதற்கு வழி காட்டியவர் ஓட்டிஸ் பார்ட்டன் என்னும் இளம் பொறியாளர். அவர் தம் சொந்தப் பணத்தில் ஓர் எஃகு உருண்டையைச் செய்வித்தார். அதன் குறுக்களவு ஐந்து அடிகூட இல்லை. சுவரின் கனம் ஓர் அங்குலத்துக்கு மேல். சன்னல்கள் மூன்று அங்குலக் கனமுள்ள குவார்ட்ஸ் கண்ணாடி. இதற்குப் பாத்திஸ்பியர் என்று பெயரிட்டவர் பீபி. உள்ளே மூச்சுவிட ஆக்சிஜன் உருளைகள். வெளிவிடும் கெட்ட காற்றை உறிஞ்சத் தட்டில் சோடா சுண்ணாம்பு. காற்றைக் கலக்கிவிட என்ன வைத்திருந்தார்கள் தெரியுமா? சாதாரண ஓலை விசிறி! இரண்டு பேர் முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் அசைய இடமில்லை. ஒரே ஓர் இரும்பு வடத்தில்தான் எல்லாம் தொங்கும். அது அறுந்தால் கதை முடிந்தது.

1930 ஜூன் 6-ஆம் நாள் பெர்முடா தீவுக்கு அருகே இருவரும் முதன்முதலாக ஆழத்துக்கு இறங்கினார்கள். 300 அடி போனதும் கதவோரமாகத் தண்ணீர் கசிந்தது. பீபி பதறவில்லை. இன்னும் வேகமாக இறக்கச் சொன்னார். ஏன் அப்படி? ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கதவை இறுக்கி மூடிவிடும் என்பது அவர் கணக்கு. கணக்குப் பலித்தது. அன்று 803 அடி வரை போய் வந்தார்கள்.

1932-இல் ஆளில்லாமல் சோதனைக்கு இறக்கிய உருண்டை நிறையத் தண்ணீரோடு மேலே வந்தது. கதவின் நடு மரையைக் கழற்றும்போது உள்ளே இருந்த அழுத்தத்தால் அது குண்டுபோலப் பாய்ந்து, எதிரே இருந்த இரும்பு இயந்திரத்தையே குழித்துவிட்டது. உள்ளே ஆள் இருந்திருந்தால்? அதையும் கண்ணால் பார்த்துவிட்டு, அதே ஆண்டு செப்டம்பர் 22-இல் பீபி மறுபடியும் இறங்கினார். அவர் கடலுக்குள் இருந்து பேசியதை வானொலியில் மக்கள் கேட்டார்கள்.

1934 ஆகஸ்டு 15-இல் 3,028 அடி, அதாவது 923 மீட்டர் ஆழம் போனார்கள். நம் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர் உயரம். ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினாலும் அந்த ஆழத்துக்குப் பத்தொன்பது மீட்டர் குறையும்! அப்போது பீபிக்கு வயது 57.

அங்கே என்ன கண்டார்? இறங்க இறங்கச் சிவப்பு நிறம் முதலில் மறைந்தது. பிறகு மற்ற நிறங்கள். நீலம் மட்டும் நின்று, 2,000 அடி வாக்கில் அதுவும் அடங்கி ஒரே கும்மிருட்டு. அந்த இருட்டில் மினுக் மினுக்கென்று உயிருள்ள விளக்குகள்! பக்கவாட்டில் விளக்கு வரிசை கொண்ட மீன்கள். எதிரியை ஏமாற்ற ஒளித் திரவத்தைப் பீய்ச்சும் இறால்கள். தூண்டில் மீன் இனத்தில் பெண் மீனுக்கு வாயின் முன்னே ஒரு விளக்குத் தொங்கும். பெரும்பாலும் அந்த விளக்கில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தாம் ஒளி தருகின்றன. கருக்கலில் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன நம் பாட்டன் பாட்டிமாரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் விளக்கு வேலைக்கு. இந்த மீனின் விளக்கு இரையை அழைப்பதற்கு!

பீபி கண்டதையெல்லாம் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, கப்பலில் இருந்த குளோரியா ஹோலிஸ்டர் என்ற அம்மையார் ஆழத்தோடும் நேரத்தோடும் குறித்துக்கொண்டார். எல்ஸ் போஸ்டல்மன் என்ற ஓவியர் பிறகு அவற்றைப் படமாக வரைந்தார்.

இங்கேதான் பீபிக்குச் சோதனை வந்தது. ஆறடி நீளத்தில், நீல விளக்கு வரிசையோடு இரண்டு மீன்களைக் கண்டதாக அவர் எழுதினார். கையில் மீன் இல்லை. புகைப்படமும் இல்லை. அறிஞர்கள் சிலர் நம்ப மறுத்தார்கள். கண்ணாடியில் படிந்த மூச்சு ஆவியில் எதையோ பார்த்து மயங்கினார் என்றும் எழுதினார்கள். அந்த மீனை இதுவரை வேறு யாரும் கண்டதில்லை. பீபி தவறாகவே பார்த்திருக்கலாம். ஆனால் கேலி செய்வார்களே என்று பயந்து கண்டதை மறைக்கவில்லை. எந்த ஆழத்தில் எதைக் கண்டார் என்று எழுதி வைத்தார். மற்றவர்கள் சரிபார்க்க முடிவதும் அதனால்தான். உண்மையைத் தேடுபவனுக்கு அந்த நேர்மை வேண்டும்.

பீபி கடைசிக் காலத்தில் டிரினிடாட் தீவின் காட்டில் ஆய்வு நிலையம் அமைத்து, அங்கேயே 1962 ஜூன் 4-இல் காலமானார்.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். வாங்காத பிள்ளைகளே, முகம் வாடாதீர்கள். படித்துப் பட்டம் வாங்காத பீபிக்குப் பின்னாளில் பல்கலைக்கழகங்கள் தாமே கௌரவப் பட்டம் கொடுத்தன. அந்தப் பையனைப் போல நீங்களும் கேள்வி கேளுங்கள். விடையை நீங்களே தேடிப் போங்கள். கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள்.