பெட்டிகளில் வந்த கார்... புரூஸ் மெக்லாரனின் 110 பவுண்ட் கதை!

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு மலிவா விலைக்கு வருது. ஆனா முழு காரா இல்லை. இன்ஜின் ஒரு பக்கம், சேஸிஸ் ஒரு பக்கம், மிச்சமெல்லாம் உதிரி உதிரியா பெட்டிகள்ல கிடக்குது. நீங்க வாங்குவீங்களா? வாங்கினா வீட்டுல என்ன சொல்வாங்கன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில் லெஸ் மெக்லாரன் என்பவர் அப்படி ஒரு காரை வாங்கினார். 1950-களின் தொடக்கம் அது. விலை 110 பவுண்ட். (நியூசிலாந்து டாலருக்கு மாறியதெல்லாம் 1967-ல்தான்.) லெஸ்ஸுக்கு ரெமுவெரா பகுதியில் சொந்தமா பெட்ரோல் பங்க்கும் ஒர்க்‌ஷாப்பும் இருந்தன. அவரே ஒரு காலத்தில் பைக் ரேஸ் ஓட்டியவர். அவர் போட்ட கணக்கு சிம்பிள். பிரிச்சுக் கிடக்கிறதைப் பூட்டி, ஓட வெச்சு, லாபத்துக்கு வித்துடணும்.

அந்தக் கணக்கைக் கலைச்சது அவர் பையன் புரூஸ்.

இந்தப் பையனைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். 1937, ஆகஸ்ட் 30-ல் பிறந்தவன். ஒன்பது வயசுல இடுப்பு மூட்டில் பெர்த்தஸ் நோய் வந்தது. தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் சரியா போகாம, எலும்பு சிதையுற நோய். டக்கபுனாவில் இருந்த வில்சன் இல்லத்தில், காலை இழுத்துக் கட்டி, படுக்கையிலேயே வெச்சிருந்தாங்க. ஒரு மாசம், ரெண்டு மாசம் இல்லை, வருஷக்கணக்குல. ஓடியாடி ரக்பி விளையாட வேண்டிய வயசு அது. எழுந்து நடந்தப்போ இடது கால் வலது காலைவிடக் குட்டையா இருந்தது. அந்தச் சின்ன நொண்டல் கடைசி வரைக்கும் அவரோடு இருந்தது.

அந்தப் பையனுக்கு முன்னாடிதான் பெட்டிகள் வந்து இறங்கின.

கார், 1929 மாடல் ஆஸ்டின் 7 அல்ஸ்டர். ஆஸ்டின் 7-ன்னா அந்தக் கால இங்கிலாந்தின் சாமானியன் கார். 1922-ல் வந்து, 1939 வரை லட்சக்கணக்கில் ஓடியது. ஜெர்மனியில் இதையே லைசென்ஸ் வாங்கித் தயாரிச்ச கம்பெனியை வாங்கித்தான் பி.எம்.டபிள்யூ கார் தொழிலுக்கே வந்தது. அதன் ஸ்போர்ட்ஸ் வடிவம்தான் அல்ஸ்டர். ஸ்போர்ட்ஸ்னதும் பெருசா கற்பனை பண்ணிடாதீங்க. இன்ஜின் வெறும் 747 சிசி. நம்ம ஊர் மாருதி 800-ஐவிடச் சின்னது! பிரேக் சைக்கிளுக்கு இருக்கிற மாதிரி கேபிளில் இழுபடும். முன்பக்கம் குறுக்கே ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங். கொஞ்சம் வேகமா வளைச்சா, பின்பக்கம் தனியா ஒரு திசையைத் தேடிக்கும்.

அப்பாவும் பையனும் ஏறக்குறைய ஒரு வருஷம் அதோட மல்லுக்கட்டினாங்க. பழைய காரை ரீஸ்டோர் பண்ணினவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க. முழு காரைப் பிரிச்சுப் பூட்டுறது ஒரு வேலை. அடுத்தவன் பிரிச்சுப்போட்ட காரைப் பூட்டுறது வேற வேலை. எந்த போல்ட் எங்கே இருந்ததுன்னு நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, இது எதுக்கு இருக்குன்னு யோசிச்சே ஆகணும். படுக்கையை விட்டு எழுந்து வந்த பையனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைச்சிருக்குமான்னு எனக்குத் தெரியலை. அப்புறம் அவன் முறையா இன்ஜினீயரிங் படிச்சான்தான். ஆனா முதல் பாடம் இங்கேதான்.

கார் ஓடத் தொடங்கியதும் வீட்டுத் தோட்டத்துப் பழ மரங்களைச் சுத்தி எட்டு போட்டுப் பழகினான். ஆமாம், லைசென்ஸுக்கு நாம போடுற அதே எட்டுதான். அப்போ அங்கே 15 வயசுலயே லைசென்ஸ் கிடைச்சது. 1952-ல் முரிவாய் கடற்கரைப் பக்கம் நடந்த மலையேற்றப் போட்டியில் அந்த அல்ஸ்டரோடு இறங்கினான். அதுக்கப்புறமும் காரைச் சும்மா விடலை. சிலிண்டர் ஹெட்டில் எரி அறையை வெண்கலத்தால் நிரப்பி, அரத்தால் ராவி, தானே புது வடிவம் கொடுத்தான். இடம் சின்னதானா அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினா பவர் கூடும். கை தப்பினா ஹெட்டே போயிடும். காசு இருக்கிறவன் புது ஹெட் வாங்கிப் போட்டிருப்பான்.

அடுத்த சில வருஷங்களை வேகமாத் தாண்டிடலாம். 1958-ல் திறமையான நியூசிலாந்து டிரைவர்களை ஐரோப்பாவுக்கு அனுப்பும் திட்டத்தில் முதல் ஆளா தேர்வாகி இங்கிலாந்து போனார். கூப்பர் டீமில் சேர்ந்தார். 1959 டிசம்பரில் அமெரிக்காவின் செப்ரிங்கில் நடந்த கிராண்ட் பிரீயில் ஜெயிச்சப்போ அவருக்கு வயசு 22. அந்தச் சின்ன வயசு சாதனையை 2003-ல் அலோன்ஸோ வந்துதான் முறியடிச்சார்.

1963-ல் சொந்த டீம் தொடங்கினார். அங்கேயும் ஒரு பழைய காரில் இருந்துதான் ஆரம்பம், கவனிச்சீங்களா? விபத்தில் அடிபட்ட ஒரு கூப்பர் ஃபார்முலா 1 காரை, அமெரிக்காவில் ரோஜர் பென்ஸ்கே ஸ்போர்ட்ஸ் காரா மாத்தியிருந்தார். பேர் ஜெரெக்ஸ் ஸ்பெஷல். 1964-ல் புரூஸ் அதை வாங்கினார். நடு சேஸிஸை அறுத்தெடுத்துப் புதுசா போட்டு, ஓல்ட்ஸ்மொபில் வி8 இன்ஜினைப் பூட்டினார். அந்தக் கார் கனடாவின் மாஸ்போர்ட்டில் இறங்கின முதல் ரேஸிலேயே ஜெயிச்சது. அதுல கத்துக்கிட்டதை வெச்சுத்தான் மெக்லாரன் எம்1ஏ உருவானது.

1966-ல் கிறிஸ் ஏமனோடு சேர்ந்து ஃபோர்டு காரில் லீ மான்ஸ் வெற்றி. 1968-ல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் தன் பேர் போட்ட காரிலேயே கிராண்ட் பிரீ வெற்றி. 1969 கேன்-ஆம் தொடரில் மொத்தம் 11 ரேஸ், பதினொண்ணும் மெக்லாரனுக்கே!

முதலாளி ஆன பிறகும் ஒரு பழக்கம் மாறலை. புதுக் காரை அவரே ஓட்டிப் பார்க்கணும். எது அதிருது, எது தளருதுன்னு அவருக்கே தெரியணும். 1970, ஜூன் 2. இங்கிலாந்தின் குட்வுட் டிராக்கில் எம்8டி காரை டெஸ்ட் பண்ணிக்கிட்டிருந்தார். நேர் பாதையில் முழு வேகத்தில் போனப்போ பின்பக்க பாடி பிய்ச்சுக்கிட்டுப் போனது. கார் கட்டுப்பாடு இழந்து ஓரத்தில் இருந்த மேடையில் மோதியது. அந்த இடத்திலேயே உயிர் போனது. வயசு 32. மனைவி பாட்டி, நாலு வயசு மகள் அமாண்டா.

பன்னிரண்டு நாள் கழிச்சு மாஸ்போர்ட்டில் கேன்-ஆம் சீஸன் தொடங்கியது. டீம் போகாதுன்னு நினைச்சவங்க உண்டு. போனாங்க. டென்னி ஹல்ம், இண்டியானாபொலிஸில் தீப்பட்ட கைகளோடு ஓட்டி மூணாவதா வந்தார். புரூஸுக்குப் பதிலா உட்கார்ந்த டான் கர்னி ஜெயிச்சார்.

இங்கிலாந்தில் வோக்கிங் பக்கம் இருக்கிற மெக்லாரன் தலைமையகத்தில் கோடிக்கணக்கில் விலைபோகும் கார்கள் வரிசையா நிக்குது. அந்த வரிசையில் அந்தக் குட்டி அல்ஸ்டரும் நிக்குது.