அடுப்படியில் ஜெபித்த லாரன்ஸ்

மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி நம் சங்கச் செயலாளர் மூன்று தடவை போன் செய்துவிட்டார். ஹாஸ்டல் கலாட்டாக்களை எழுத ஆட்கள் ஏராளமாம். நான் கல்லூரி ஜெபக் குழுவின் செக்ரட்டரியாக இருந்தவன் என்பதால், ஜெப வாழ்க்கையில் வளருவதைப் பற்றித்தான் எழுத வேண்டுமாம். எனக்கு அதற்கு என்ன யோக்கியதை என்று ரொம்பத் தயங்கினேன். அப்புறம், முந்நூறு வருஷங்களுக்கு முன் இறந்துபோன ஒரு சமையற்காரரின் கதையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. கிறிஸ்தவரல்லாத நண்பர்களும் தாராளமாகப் படிக்கலாம். அடுப்படி எல்லோருக்கும் பொதுதானே!

சகோதரர் லாரன்ஸ் என்ற பெயரைக் கிறிஸ்தவ வீடுகளில் பலர் கேட்டிருப்பார்கள். தேவனுடைய பிரசன்னத்தில் வாழ்வதைப் பற்றி அவர் பெயரில் ஒரு சின்னப் புத்தகம் உண்டு. 1979ல், இரண்டாம் வருஷம் வேதியியல் படிக்கும்போது, அதை முதல் தடவை வாசித்தேன். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த வயதில் எனக்கு உபவாசம், முழு இரவு ஜெபம், விடியற்காலை ஐந்து மணிக் கூட்டம் என்றால்தான் ஜெபம். ஆம்லெட் புரட்டுகிறவர் எனக்கு என்ன சொல்லித் தர முடியும்?

அவருடைய சொந்தப் பெயர் நிக்கோலா எர்மான். ஏறத்தாழ 1614ல், லொரேன் நாட்டில் எரிமெனில் என்ற சிற்றூரில் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார். லொரேன் இன்று பிரான்சின் கிழக்குப் பகுதி. அன்று அது தனிச் சிற்றரசு. பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. பதினெட்டு வயதில், ஒரு குளிர்காலத்தில், இலையே இல்லாமல் மொட்டையாக நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார். கொஞ்ச நாளில் இது துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற நினைப்பு வந்ததாம். அவ்வளவுதான். அந்த நினைப்பிலேயே தேவனுடைய வல்லமை அவருக்குள் இறங்கிவிட்டது; கடைசி வரை அது மறையவேயில்லை. நம் ஊர் சரக்கொன்றை பங்குனியில் மொட்டையாக நிற்பதை மூன்று வருஷம் தினமும் பார்த்தவன் நான். எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. கொன்றை மேல் குற்றமில்லை.

மரத்தைப் பார்த்த உடனே அவர் மடத்துக்கு ஓடிவிடவில்லை. ஐரோப்பாவில் 1618லிருந்து 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் சிப்பாயாகப் போனார். ஜெர்மன் படையிடம் சிக்கி, ஒற்றன் என்று தூக்கில் போடப் பார்த்தார்கள், தப்பித்தார். 1635ல் காயம்பட்டார். அதோடு படை வாழ்க்கை முடிந்தது, ஒரு கால் ஊனமும் நிலைத்துவிட்டது. பாரிசில் கருவூல அதிகாரி ஒருவர் வீட்டில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். கை வைத்ததெல்லாம் உடைந்தது. இதை அவரே பிற்காலத்தில் சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டிருக்கிறார்.

1640ல் பாரிஸ் வொஜிரார் தெருவில் இருந்த கார்மேல் மடத்தில் சேர்ந்தார். குருவானவராக அல்ல. பூசை வைக்கவோ பிரசங்கம் பண்ணவோ உரிமை இல்லாத, உடல் உழைப்புக்கென்றே சேர்க்கப்படும் சகோதரராக. 1642ல் வாக்குத்தத்தம் கொடுத்தார். தன் கைத்தவறுகளுக்கெல்லாம் அங்கே தோலை உரித்துவிடுவார்கள், அதுவும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு போனாராம். போன இடத்தில் நிம்மதிதான் கிடைத்தது. தேவன் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்.

மடத்தில் அவருக்குக் கொடுத்த வேலை சமையல். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருக்குச் சமையல் பிடிக்கவே பிடிக்காது, சுபாவத்திலேயே வெறுப்பு. பிடிக்காத அந்த வேலையில் ஏறத்தாழ பதினைந்து வருஷம் நின்றார். காலும் சரியில்லை. ஒரு பக்கம் ஒருவர் இதைக் கேட்க, இன்னொரு பக்கம் வேறொருவர் அதைக் கேட்க, பாத்திரம் உருளுகிற சத்தத்துக்கு நடுவே அவர் தேவனோடு பேசிக்கொண்டிருந்தார். வேலை தொடங்கும்போது ஒரு சின்ன விண்ணப்பம், நடுவில் ஒரு வார்த்தை, முடிந்ததும் ஒரு நன்றி. ஆம்லெட்டைப் புரட்டிப் போடுவதையும் தேவன் மேல் உள்ள அன்புக்காகவே செய்தார். தரையில் கிடக்கும் ஒரு துரும்பை எடுப்பதானாலும் அதற்காகத்தான். மடத்து ஆலயத்தில் முழங்காலில் நிற்கும்போது இருந்த அதே அமைதி அடுப்பின் முன்னும் இருந்தது என்று சாட்சி சொல்லியிருக்கிறார்.

பிரசங்கங்களில் அவரைப் பற்றி இவ்வளவுதான் சொல்வார்கள். கேட்கிறவர்களும், ஓஹோ, வேலையே ஜெபம், இனி தனியாக ஜெபிக்கத் தேவையில்லை என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். இது சுத்தத் தவறு. லாரன்ஸ் மடத்தின் ஜெப வேளை எதையும் விட்டவர் அல்ல. மேலதிகாரி தனித் தியானத்துக்குப் போகச் சொன்னால் போவார். அந்த நேரத்துக்கும் மற்ற நேரத்துக்கும் தனக்கு வித்தியாசம் இல்லை என்றுதான் சொன்னார். அதுவும் சும்மா வந்துவிடவில்லை.

எப்படி வந்தது என்பதுதான் எனக்கு ரொம்ப நாள் தெரியாமல் இருந்த விஷயம். மடத்தில் சேர்ந்த முதல் பத்து வருஷங்கள் அவருக்கு உள்ளுக்குள் நரகம். பழைய பாவங்கள் கண்முன் நின்றன. தேவன் தனக்குச் செய்த தயவுகளே தன்னை நம்பவைத்து ஏமாற்றுகின்றனவோ என்ற பயம் வேறு. அதிலும் நாலு வருஷம், தான் நரகத்துக்குத்தான் போவேன் என்றே நிச்சயமாக நம்பினார். யாராலும் அந்த எண்ணத்தை மாற்ற முடியவில்லை. நியமித்த ஜெப வேளை முழுவதும் ஓடுகிற மனதைப் பிடித்து இழுத்து வருவதும், அது மறுபடி ஓடுவதுமாகவே கழிந்தது. ஜெபிக்கும் முறைகளைச் சொல்லும் புத்தகங்களை வாசித்துப் பார்த்தார், குழப்பந்தான் மிஞ்சியது. அவற்றை ஒதுக்கிவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். நான் கெட்டாலும் சரி, பிழைத்தாலும் சரி, உயிர் இருக்கிறவரை செய்வதையெல்லாம் தேவன் மேல் உள்ள அன்புக்காகவே செய்வேன் என்று. இப்படியே கஷ்டத்தில்தான் சாகப்போகிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்ட பிறகுதான், ஒருநாள் எல்லாம் மாறியது. அதன்பின் ஏறத்தாழ நாற்பது வருஷம் அந்தச் சமாதானம் குலையவில்லை.

தவறு செய்தால் என்ன செய்வார் தெரியுமா? உம்முடைய உதவி இல்லாவிட்டால் நான் இப்படித்தான் செய்வேன் என்று தேவனிடம் நேராக ஒத்துக்கொண்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அழுது புரளுவது கிடையாது. எங்கள் ஜெபக் குழுவில் நேர்மாறு. ஒருநாள் தூங்கிவிட்டால் ஒரு வாரத்துக்குக் குற்ற உணர்ச்சி.

சொந்தக் கதைக்கு வருகிறேன். 2004ல் என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூன்று வருஷம் படுக்கை. ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். துணி மாற்ற வேண்டும், கஞ்சி ஊட்ட வேண்டும், ஒன்பதரைக்கு ஆபீசில் இருக்க வேண்டும். என் ஐந்து மணி ஜெபம் முதல் மாதமே போயிற்று. வேதத்தைத் திறந்தால் தூக்கம். மூன்று மாதத்தில் ஜெபமே நின்றுபோயிற்று என்பதுதான் உண்மை. சபையில் என்னை ஜெபிக்கச் சொல்லும்போது மனப்பாடம் போல வார்த்தைகள் வரும். உள்ளே ஒன்றும் இருக்காது. அந்தச் சமயத்தில்தான் பழைய புத்தகக் கடையில் அந்தச் சின்னப் புத்தகம் மறுபடி கைக்கு வந்தது. இந்தத் தடவை முடிக்க ஒரு வருஷம் ஆயிற்று.

அம்மாவைப் புரட்டும்போது ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். ஆண்டவரே, இதோ. அவ்வளவுதான். முதல் நாள் ஒரு தடவை ஞாபகம் வந்தது. மறுநாள் அதுவும் இல்லை. லாரன்சின் கடிதங்களில் ஓர் உவமை வருகிறது: ஜெபத்தில் மனம் நிலைக்காதவர்கள், பணக்காரன் வாசலில் கிடக்கும் வாயில்லாத, கைகால் விளங்காத பிச்சைக்காரன் மாதிரி தேவன் முன் சும்மா இருந்தால் போதுமாம். கைகால் விளங்காதவர் என் கண்முன்னே கட்டிலில் கிடந்தார். நான் புரட்டாமல் அவரால் திரும்பக்கூட முடியாது, என்னை நம்பித்தான் கிடந்தார். அந்த உவமைக்கு எனக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. பெரிய அனுபவம் ஏதும் வந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2007ல் அம்மா போகும்போது, ஒரு ராத்திரிக்கு நாலைந்து தடவை ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

லாரன்சின் மற்றக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1660களில் மடத்துக்குத் திராட்சரசம் வாங்கிவர அவரை ஓவேர்ன்ய், பர்கண்டி என்று தூர இடங்களுக்கு அனுப்பினார்கள். வியாபாரம் தெரியாது, படகில் நடக்கக் கால் ஒத்துழைக்காது, பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டு போய்த்தான் வேலையை முடித்தார். அதைப் பற்றியும் கவலைப்பட்டதில்லை. இது உம்முடைய வேலை என்று தேவனிடம் சொல்லிவிடுவார். பிறகு காலில் புண் அதிகமாகவே, உட்கார்ந்து செய்யும்படி செருப்புத் தைக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கிருந்தும் அவ்வப்போது சமையற்கட்டுக்கு வந்து கைகொடுப்பாராம்.

1666 ஆகஸ்டில் ஜோசப் தெ பொஃபோர் என்ற குரு அவரைப் பார்க்க வந்தார். நாலு தடவை பேசி, கேட்டதை எழுதி வைத்தார். லாரன்ஸ் யாருக்காவது கடிதம் எழுதினால், வேறொருவருக்கும் காட்டக் கூடாது என்று கண்டிப்புப் பண்ணுவார். 1691 பிப்ரவரி 12ல் அவர் இறந்தார். பொஃபோர் கடிதங்களையும் உரையாடல்களையும் திரட்டி 1692லும் 1694லும் அச்சேற்றிவிட்டார்! இன்று உலகமே வாசிக்கிறது. கத்தோலிக்கத் துறவியான அவரை அதிகம் கொண்டாடியவர்கள் மறுபக்கத்தார்தான். மெதடிஸ்டுகளின் ஜான் வெஸ்லி தம் நூல் வரிசையில் அவரைச் சேர்த்துக்கொண்டார். பிரான்சில், லாரன்சை மதித்த பேராயர் ஃபெனலோனின் நூல் ஒன்று 1699ல் போப்பின் கண்டனத்துக்கு ஆளாகவே, லாரன்சின் பெயரைச் சொல்லவும் தயங்கினார்கள். அவர் சமைத்த மடம் பிரெஞ்சுப் புரட்சியில் சிறையாயிற்று. 1792 செப்டம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட குருமார் அங்கே கொல்லப்பட்டார்கள். ஆலயம் இன்னும் நிற்கிறது. அந்த வளாகத்தில் 1875லிருந்து ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அங்கேயும் ஒரு மெஸ் இருக்கும், அங்கேயும் சாம்பாரைத் திட்டுவது போல எதையாவது திட்டிக்கொண்டிருப்பார்கள்!

மெஸ் என்றதும் நான் எழுத வந்த விஷயத்தைத் தள்ளிப்போட முடியவில்லை. 1980ல் முதல் வருஷ பி.ஏ. வகுப்பில் ஒரு தம்பி சேர்ந்தான். தென்மாவட்டத்துப் பையன், ஒல்லியாக, எப்போதும் முழுக்கைச் சட்டையோடு இருப்பான். மெஸ் பில் கட்ட வசதியில்லாமல், காலையில் மெஸ்ஸில் காய் நறுக்கி, இட்லித் தட்டு கழுவி ஈடுகட்டிக்கொண்டிருந்தான். ஜெபக் குழுவில் பெயர் கொடுத்திருந்தான். ஐந்து மணிக் கூட்டத்துக்கு மட்டும் வரமாட்டான். ஒருநாள் எல்லார் முன்னாலும் வைத்து அவனைக் கேட்டேன். அண்ணே, அந்த நேரத்துல அடுப்பு பத்த வைக்கணும், அங்க நின்னுக்கிட்டே ஜெபம் பண்ணிக்கிறேன் என்றான். ஆண்டவருக்கு மிச்ச நேரத்தைக் கொடுப்பது காணிக்கை அல்ல என்று ஒரு வசனத்தையும் சேர்த்துப் பிரசங்கம் அடித்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. லாரன்சின் புத்தகம் அதற்கு முந்தின வருஷமே என் கையில் இருந்து போயிருந்தது என்பதை நினைத்தால்தான் இன்றைக்கும் தாங்கமாட்டேன் என்கிறது.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளில் யாராவது ஜெபக் குழுவுக்குச் செக்ரட்டரியாக இருந்தால், வராதவர்களின் லிஸ்ட்டைக் கையில் எடுக்குமுன் மெஸ் பக்கம் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்தத் தம்பி இந்த மலரைப் படிக்க நேர்ந்தால், அவனுக்கு என்னைத் தெரியும். 1980–83 பேட்ச் நண்பர்கள் யாருக்காவது அவன் இருக்குமிடம் தெரிந்தால் சங்க அலுவலகத்தில் சொல்லிவையுங்கள். சங்கமத்தன்று மத்தியானம் பழைய மெஸ்ஸில்தான் சாப்பாடாம். கடைசிப் பந்தி வரை வாசலில் இருப்பேன்.