குடிவராத ஊர்

மலிவு விலை அடுக்குமாடியில் வளர்ந்தவன் நான். அங்கே எந்தக் கதவைப் பார்த்தாலும் எங்கள் வீட்டுக் கதவு போலவே இருக்கும். அதனால்தானோ என்னவோ, ஏழைகளுக்கு வீடு கட்டினாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக வரைய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த ஹசன் ஃபத்தியை எனக்குப் பிடித்துப்போனது.

எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் 1900இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1926இல் கெய்ரோவில் கட்டடக் கலைப் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது மரமும் இரும்பும் அரிதாயின. சுடாத செங்கல்லால் சுவர் எழுப்பலாம், கூரைக்கு எங்கே போவது? வளைகூரை கட்டிப் பார்த்தார், சரிந்து விழுந்தது. 1941இல் அஸ்வான் பக்கம் சென்றபோது, அதே மண்கல்லால் ஆன வளைகூரை வீடுகள் உறுதியாக நிற்பதைக் கண்டார். நூபியக் கொத்தனார்கள் முதல் வரிசையைப் பின்சுவர்மீது சற்றே சாய்த்து ஒட்டுவார்கள். அடுத்தது அதன்மேல் சாயும். அடியில் மரச்சட்டமே வேண்டாம். பட்டதாரியான ஃபத்தி அந்தக் கொத்தனார்களிடம் பாடம் கேட்டார்.

1945இல் பெரிய வேலை வந்தது. லுக்சருக்கு எதிர்க்கரையில் உள்ள கூர்னா மக்கள் பழங்காலக் கல்லறைகளின் மேலேயே குடியிருந்தார்கள். அவற்றைத் தோண்டிப் பழம்பொருள் விற்பது பலருக்குப் பிழைப்பு. ஒரு கல்லறையின் பாறைச் சிற்பமே வெட்டியெடுக்கப்பட்டுக் களவு போனதும், சுமார் 7,000 பேரையும் இடம் மாற்ற அரசு முடிவு செய்தது. புதிய கூர்னாவை ஃபத்தி வரைந்தார். முற்றம் வைத்த வீடுகள், பள்ளிவாசல், சந்தை, பள்ளிக்கூடம், நாடக அரங்கு, கைத்தொழிலுக்கென ஒரு கட்டடம் என எல்லாம் அதில் இருந்தன.

மக்கள் வரவில்லை. புதிய ஊருக்குள் வெள்ளம் பாயட்டும் என்று யாரோ கரையை உடைத்தார்கள். மூன்றாண்டுகளில் வேலை பாதியில் நின்றது.

ஃபத்தி அதிகாரிகளின் இழுத்தடிப்பையே பெரிதும் குறை சொன்னார். அதில் உண்மை உண்டு. ஆனால் வீடு எப்படி வேண்டும் என்று கேட்க ஆள் இருந்த அந்த ஊரில், போக விருப்பமா என்று கேட்க யாருமில்லையே! சோறு போடும் நிலத்தை விட்டு எவர் எழுந்து போவார்?

தோல்வியை அவர் மறைக்கவில்லை. 1969இல் அதையே நூலாக எழுதினார். 1973இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பாக அது வந்தபின்தான் உலகம் அவரைத் தேடியது. 1980இல் மாற்று நோபல் எனப்படும் விருதும் கிடைத்தது. கெய்ரோவின் பழைய பகுதியில், ஒரு வீட்டில் பூனைகளோடு வாழ்ந்தவர், 1989இல் காலமானார்.