பஞ்சத்தின் நடுவே ஒரு பாதிரியார்

அன்னிய ஆதிக்கத்தின் கீழ் நலிந்த தேசங்களின் சரித்திரத்தைப் படிக்கும்போது, அன்னியர் சிலர் செய்த நன்மையை எவ்வாறு எடைபோடுவது என்னும் கேள்வி எழாமற் போவதில்லை. அந்நன்மை அனைத்தும் சூழ்ச்சியே என்று தள்ளுவோர் உளர். நன்மையைக் கண்டு ஆதிக்கத்தையே மறந்துவிடுவோரும் உளர். இவ்விரண்டும் நேரிய வழியல்ல என்பது நமது அபிப்பிராயம். சீனதேசத்தில் நாற்பத்தைந்து வருஷம் வாழ்ந்த தீமோத்தி ரிச்சர்ட் பாதிரியாரின் வரலாறு இதற்குத் தக்கதோர் உதாரணமாகும்.

ரிச்சர்ட் 1845-ஆம் வருஷம் வேல்ஸ் நாட்டுக் கிராமமொன்றில் குடியானவக் குடும்பத்தில் பிறந்தார். பாப்டிஸ்ட் மிஷன் சங்கத்தாரால் அனுப்பப்பட்டு, 1870-இல் தமது இருபத்துநான்காம் வயதில் சீனக்கரையில் இறங்கினார். அவருக்கு அந்நாட்டின் கதவைத் திறந்துவிட்டது வேதமன்று. அபினி யுத்தங்களுக்குப் பின் 1858-லும் 1860-லும் பீரங்கி முனையில் பெறப்பட்ட உடன்படிக்கைகளேயாகும். பாதிரியார் உள்நாட்டிற் சஞ்சரிக்கும் உரிமை அவற்றின் மூலமே கிடைத்தது. சீன ஜனங்கள் அவரைச் சந்தேகக் கண்ணோடு நோக்கியதில் வியப்பொன்றுமில்லை.

1875-இல் அவர் துறைமுகத்தை விட்டு, ஷாண்டுங் மாகாணத்தின் உள்நாட்டு நகரமாகிய சிங்சௌவில் தனியாகக் குடியேறினார். சீன உடை தரித்தார். அந்நாட்டு மத நூல்களைக் கற்றார். அடுத்த வருஷமே மழை பொய்த்தது. பயிர் கருகிற்று. தானிய விலை ஏறிற்று. மரப்பட்டையையும் புல்வேரையும் ஜனங்கள் தின்னலாயினர். கையிலிருந்த சொற்பப் பணத்தைக் கொண்டு அவர் தர்மம் செய்யப் புகுந்தபோது, பசித்த கூட்டம் ஒருவரையொருவர் நெருக்கி மிதிக்கும் நிலைமை ஏற்பட்டது. ஆகவே ஒரு குறுகிய சந்தில் ஒவ்வொருவராக வரச்செய்து காசு கொடுத்தார். பின்னர் அனைவரையும் தரையில் வரிசையாக உட்காரவைத்துக் கொடுக்கும் முறையைக் கைக்கொண்டார். உட்கார்ந்த கூட்டம் நெருக்காது என்னும் இச்சிறு உண்மை பல உயிர்களைக் காத்தது. அநாதைக் குழந்தைகளைச் சேர்த்து அவர்களுக்குக் கைத்தொழில் கற்பிக்கவும் ஏற்பாடு செய்தார்.

அக்காலத்தில் படித்த சீனர் இருவர் அவரை நாடிவந்து, சோறிட வகையற்ற சர்க்காரை எதிர்த்துக் கலகம் செய்யத் தமக்குத் தலைவராகும்படி வேண்டினராம். அவர் மறுத்துவிட்டார். மாகாண கவர்னரிடம் சென்று, கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தானியம் தருவிக்குமாறும், ரயில்பாதையும் சுரங்கமும் தொடங்கி ஏழைகளுக்கு வேலை கொடுக்குமாறும் யோசனை கூறினார்.

1877-இன் இறுதியில், பஞ்சம் மிகக் கொடுமையாயிருந்த ஷான்ஸி மாகாணத்தின் தலைநகரான தையுவானை அடைந்தார். 1878-இன் தொடக்கத்தில், முப்பத்திரண்டு வயதில், தெற்கு நோக்கிப் பிரயாணம் செய்து கண்டதை நாட்குறிப்பில் எழுதிவந்தார். வழியெங்கும் பிணங்கள், மரத்தை விற்பதற்காக இடிக்கப்பட்ட வீடுகள், விற்கப்பட்ட பெண்டிரும் பிள்ளைகளும். அந்நாட்குறிப்பு வெளியாகி நிதி திரட்டப் பயன்பட்டது. உதவிக்கு வந்த அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் பஞ்ச ஜுரத்தால் மாண்டார். 1879 வரை நீடித்த அப்பஞ்சத்தில், வடசீனத்தின் ஐந்து மாகாணங்களில் மடிந்தோர் தொகை 95 லட்சத்திலிருந்து 130 லட்சம் வரை மதிப்பிடப்படுகிறது.

தியென்ஜின் துறைமுகத்தில் தானியம் மலைபோற் குவிந்திருந்தும், மலைக் கணவாய்களைக் கடந்து ஷான்ஸிக்கு அதைக் கொண்டுசெல்ல வழியில்லை. பாரம் சுமக்கும் மிருகங்களும் பசியால் மாண்டன. இதைக் கண்ட ரிச்சர்ட், ரயிலும் விஞ்ஞானக் கல்வியும் இருந்தாற் பஞ்சமில்லை என்னும் முடிவுக்கு வந்தார். பிற்காலத்தில் அதிகாரிகளுக்கு விஞ்ஞானப் பிரசங்கங்கள் செய்ததும், ஷாங்காயில் நூல்கள் வெளியிட்டதும், 1902-இல் ஷான்ஸி சர்வகலாசாலை நிறுவப்பட முன்னின்றதும் இதன் பயனே. சீர்திருத்தத் தலைவரான லியாங் சிசௌ சிலகாலம் அவரிடம் காரியதரிசியாயிருந்தார்.

ஆயினும், ரயில் ஒன்றே மருந்து என்பதை நாம் ஒப்புக்கொள்ள இயலாது. அதே வருஷங்களில்தான் நம் நாட்டில் தாது வருஷப் பஞ்சம் தாண்டவமாடிற்று. பசிபிக் சமுத்திரம் அளவுமீறிச் சூடேறி ஆசியாவின் மழையைக் கெடுத்த ஒரே காரணம் இரு தேசங்களையும் தாக்கிற்று என்று வானிலை விஞ்ஞானிகள் கூறுகின்றனர். சென்னை ராஜதானியில் ரயில் இருந்தது. அது ஏழையின் கையிற் காசில்லாத ஊர்களுக்குச் சோறு கொண்டுவரவில்லை. பஞ்ச காலத்திலும் இந்தியக் கோதுமை கப்பலேறிற்று. நிவாரண வேலை செய்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென்று 1877-இல் விதித்தார்கள். வண்டி இருப்பது பெரிதன்று; அதைச் செலுத்தும் கை எவருடையது என்பதே பெரிது.

ரிச்சர்டின் குறையும் இங்கேதான் இருக்கிறது. 1895-இல், ஜப்பானிடம் சீனா தோல்வியுற்ற வேளையில், சீனாவின் நிர்வாகத்தைச் சிலகாலம் அன்னிய வல்லரசொன்றிடம் ஒப்புவிக்கலாமென்று அவர் யோசனை சொன்னார். பசித்தவனுக்குச் சோறிட்ட அதே மனிதர், அவன் தன் வீட்டைத் தானே ஆளத் தகுந்தவனென்பதை நம்பவில்லை.

சீனர் வாளாவிருக்கவுமில்லை. அநாதைகள் அன்னியர் கைக்குப் போகின்றனரே என்ற கவலையால், சூசௌ நகரத்து ஸியே ஜியாஃபு என்பவர் 1877-இல் ஷாண்டுங்குக்கு வந்து நிவாரண வேலையை மேற்கொண்டார். பஞ்சக் காட்சிகளைச் சித்திரங்களாக அச்சிட்டுத் தென்பகுதிச் செல்வர்களிடம் பொருள் திரட்டினார்கள். அன்னியரைத் திட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திராமல், அவரினும் முந்திக்கொண்டு சோறிடுவதே தேசாபிமானம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

ரிச்சர்ட் 1919-இல் லண்டனிற் காலஞ்சென்றார். பிணங்கள் கிடந்த வழியில் அஞ்சாது நடந்த இளைஞரை நாம் வணங்குகிறோம். அன்னிய ஆட்சியைச் சிபாரிசு செய்த முதியவரை மறுக்கிறோம். பொதுத்தொண்டில் இறங்குவோர் அவரிடம் கற்கவேண்டியது, துன்பத்தை நேரிற் சென்று காண்பதும், முறையோடு உதவுவதும், அதன் காரணத்தை ஆராய்வதும் ஆகும். நம் ஜனங்கள் பசித்திருக்கையில் பிறர் முதலில் சென்று சேர்வாராயின், குற்றம் சென்றவருடையதன்று, செல்லாதிருந்த நம்முடையதேயாகும்.