இடிக்காமல் ஊரைத் திருத்தியவர்!

வேலூர் லாங்கு பஜாரில் காலை நேரத்தில் ஒரு சரக்கு வண்டி நின்றால் போதும். பின்னால் வருகிறவர் எல்லாரும் நிற்க வேண்டியதுதான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு சந்துகளிலும் இதே கதைதான். ஓட்டு வீடு இருந்த இடத்தில் மாடி வீடு எழும்புகிறது. சந்து மட்டும் தாத்தா காலத்து அகலம்!

இதற்கு வழி என்ன? மேப்பில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, குறுக்கே நிற்கும் வீடுகளைத் தரைமட்டம் ஆக்குவது ஒரு வழி. அது வேண்டாம், முதலில் அங்கே குடியிருப்பவரைக் கேளுங்கள் என்று நூறு வருஷத்துக்கு முன்பே தமிழ்நாட்டில் நடந்து திரிந்து சொன்னவர் ஒருவர் உண்டு.

அவர் பெயர் பேட்ரிக் கெடிஸ்.

இருட்டறையில் கிடந்தார்

1854-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி ஸ்காட்லாந்தில் பிறந்தவர். படிப்பு உயிரியல். ஆனால் பட்டம் எதுவும் வாங்கவில்லை. லண்டனில் ஹக்ஸ்லி என்ற விஞ்ஞானியிடம் பாடம் கேட்டார்.

1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போனார். போன இடத்தில் கண் பார்வை போயிற்று. பல வாரம் இருட்டறையில் அடைந்து கிடந்தார். பார்வை திரும்பியது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து வேலை செய்கிற தெம்பு திரும்பவில்லை. செடி கொடியைப் பார்த்த கண், ஊர்களைப் பார்க்கத் தொடங்கியது. ஊருக்கும் உயிர் உண்டு என்பது அவர் கட்சி.

1886-ல் அன்னா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். புது மனைவியோடு அவர் குடிபோன இடம் எது தெரியுமா? எடின்பரோ நகரத்தின் அழுக்கடைந்த பழைய குடியிருப்பு! அக்கம்பக்கத்தாரைக் கூட்டினார். குப்பையை வாரினார். சுவருக்கு வெள்ளை அடித்தார். மூலையில் செடி நட்டார். ரொம்பவும் மோசமான கட்டடம் மட்டும் இடிந்தது. அந்த இடம் வழியாகக் காற்றும் வெளிச்சமும் வந்தது.

எம்டன் வைத்த வேட்டு

1914-ல் சென்னை கவர்னர் பெண்ட்லண்ட் பிரபு அவரை அழைத்தார். கெடிஸ் பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த நகர அமைப்புக் கண்காட்சிப் படங்களும் மேப்புகளும் வேறொரு கப்பலில் பின்னால் வந்தன.

அது உலக யுத்த நேரம். செப்டம்பர் 22-ந் தேதி சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன அதே எம்டன், அடுத்த மாதம் அந்தக் கப்பலையும் மூழ்கடித்தது. உழைப்பெல்லாம் கடலோடு போயிற்று!

மனுஷர் அசரவில்லை. சீமையில் இருந்த நண்பர்கள் புதிதாகச் சேர்த்து அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னை செனட் ஹவுசில் கண்காட்சி நடந்தது.

சந்து சந்தாக நடந்தார்

பிறகு தஞ்சாவூர், மதுரை, காஞ்சிபுரம் என்று கிளம்பினார். ஆபீஸ் நாற்காலியில் உட்காரவில்லை. வெயிலில் நடந்தார். எந்த வீடு நிஜமாகவே விழப்போகிறது, எந்த மனை குப்பை மேடாகக் கிடக்கிறது, எந்த மரத்தடியில் ஜனங்கள் கூடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்.

தஞ்சையில் நெரிசல் பகுதிக்குள் நேர்நேராக ரோடு வெட்ட ஒரு திட்டம் தயாராக இருந்தது. கெடிஸ் வேறு கணக்குக் காட்டினார். விழப்போகும் வீடுகளை மட்டும் எடுங்கள். காலி மனைகளைச் சேர்த்துச் சின்னத் திடல் ஆக்குங்கள். சந்துகளை அங்கங்கே அகலப்படுத்தி இணையுங்கள். செலவு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான்!

கட்டி வந்தால் வைத்தியர் கட்டியைத்தான் கீறுவார். காலை வெட்ட மாட்டார். இந்த முறைக்கு அவர் வைத்த பெயரிலேயே ரண சிகிச்சை என்ற சொல் இருந்தது. வீட்டை இடித்தால் ஏழை மறைந்துவிட மாட்டான், பக்கத்துத் தெருவில் போய் நெருக்கிக்கொண்டு குடியிருப்பான் என்று எச்சரித்தார்.

ஒரு நாள் ராஜா

இந்தூரில் பிளேக் பரவிய நேரம். மகாராஜாவிடம் பேசி, தீபாவளிக்கு ஊர்வலம் நடத்தும் அதிகாரத்தைக் கெடிஸ் வாங்கினார். எந்தத் தெருவில் வீடுகள் சுத்தமாக இருக்கிறதோ, அந்தத் தெரு வழியாகத்தான் ஊர்வலம் என்று தண்டோரா போட்டார். அவ்வளவுதான்! ஊரே துடைப்பம் எடுத்தது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடுப்பில், மாலை மரியாதையோடு நடந்தார்கள். பிளேக் எலியின் பெரிய பொம்மையும் வந்தது. ஊருக்கான திட்டத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கி வந்தார்கள். இந்தூர் பற்றிய அவர் அறிக்கை 1918-ல் வெளிவந்தது.

ஊரைச் சிரிக்க வைத்தவர் வீட்டில் அப்போது துக்கம். 1917 ஏப்ரலில் மூத்த மகன் பிரான்ஸ் போர்முனையில் பலியானான். மனைவி இந்தியாவில் சாகக் கிடந்தார். மகன் இறந்ததைச் சொல்ல மனம் வராமல், அவனுடைய பழைய கடிதங்களைப் படித்துக் காட்டினார் கெடிஸ். இரண்டு மாதத்தில் மனைவியும் போனார்.

1919 முதல் 1924 வரை பம்பாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1932-ல் சர் பட்டம் கிடைத்தது. அதே வருஷம் ஏப்ரல் 17-ந் தேதி பிரான்சில் காலமானார். அவர் எழுதிய அறிக்கைகள் பல, பைலோடு தூங்கிப் போயின.

வேலூருக்கு என்ன பாடம்?

ஜனங்கள் வாய் திறந்தால் நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்தபோது வேலூர் குடிமக்கள் அமைப்பு ஒன்று சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1996 ஆகஸ்ட் 28-ந் தேதி வந்த தீர்ப்பு இந்தியா முழுவதும் பேசப்பட்டது.

ஆறு கெட்ட பிறகு கோர்ட்டுக்குப் போனோம். தெரு கெடுவதற்கு முன்பே பேச வழி இருக்கிறது. 1971-ம் வருஷத்து தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஓர் ஊரின் முழுமைத் திட்டத்தை வெளியிட்டால் ஆட்சேபணை சொல்ல ஜனங்களுக்கு இரண்டு மாதமாவது அவகாசம் தர வேண்டும். கடைக்காரரும் எழுதலாம், குடித்தனக்காரரும் எழுதலாம்.

அவகாசம் முடிந்த பிறகு ஜே.சி.பி. வந்து நிற்கும்போது கூச்சல் போட்டுப் பயன் இல்லை. அடுத்த முறை நோட்டீஸ் ஒட்டினால் பஸ் போனாலும் போகட்டும். நின்று படியுங்கள். உங்கள் தெரு அதில் இருக்கலாம்!