பீரங்கியைத் தேடிய காது: ஜோன் கிளாரன்ஸ் கார்ச்சரின் கதை

2008ஆம் ஆண்டின் கடைசியில், தர்மபுரத்தில் நாங்கள் இருந்த பங்கருக்குள் அப்பா எனக்கு எண்ணப் பழக்கினார். தூரத்தில் ஷெல் குத்தும் சத்தம் கேட்டதும் எண்ணத் தொடங்கவேண்டும். விழுந்து வெடிக்கும்வரை எத்தனை வருகிறது என்பதை வைத்து, அடுத்தது எங்களுக்குக் கிட்டவா தூரவா என்று அவர் கணிப்பார். இதை வாசிக்கும் பலருக்கும் அந்தக் கணக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது நான் மன்னாரில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். அலைகளின் தெறிப்புக்கு உதாரணம் தேடியபோதுதான் கார்ச்சரைப் பற்றி வாசித்தேன். அவரும் பீரங்கிச் சத்தத்தில் கணக்குப் பழகியவர்.

ஜோன் கிளாரன்ஸ் கார்ச்சர் 1894இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்து, ஒக்லஹோமாவில் வளர்ந்தவர். முதலாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917இல், அந்நாட்டு அரசின் நியமங்கள் பணியகத்தில் சேர்ந்தார். எதிரியின் பீரங்கி எங்கே நிற்கிறது என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பது அவரது குழுவின் வேலை. பல இடங்களில் ஒலிவாங்கிகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் சத்தம் வந்துசேரும் நேர வித்தியாசத்திலிருந்து இடத்தைக் கணிப்பார்கள்.

பீரங்கியின் அதிர்வு காற்றில் மட்டுமல்ல, நிலத்துக்குள்ளாலும் போகிறது. அது ஆழத்துப் பாறைகளில் பட்டுத் திரும்புமானால், அந்தப் பாறைகள் எங்கே இருக்கின்றன என்பதையும் கணிக்கலாமே என்று கார்ச்சர் யோசித்தார்.

போர் முடிந்தபின், தனது பழைய பேராசிரியர் வில்லியம் ஹேஸ்மன் உட்படச் சிலருடன் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கினார். 1921 யூன் 4ஆம் திகதி ஒக்லஹோமா நகருக்கருகே முதற் பரிசோதனை நடந்தது. ஓகஸ்ட்டில் ஆர்பக்கிள் மலைப்பகுதிக்குப் போனார்கள். அங்கே பாறை அடுக்குகள் வெளியே தெரிவதால், கருவி சொல்வது சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. சரியாகவே இருந்தது. ஆனால் எண்ணெய் விலை விழுந்து, காசு கொடுக்க ஆளில்லாமல் நிறுவனம் நின்றுபோனது. கார்ச்சர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

முறை எளிமையானது. சிறு குழியில் வெடிவைத்து, நிலத்தில் வரிசையாக வைத்த உணரிகளால் திரும்பிவரும் அதிர்வைப் பதிவுசெய்வார்கள். அலை செக்கனுக்கு 3,000 மீற்றர் வேகத்தில் சென்று இரண்டு செக்கனில் திரும்பினால், பாறை 3,000 மீற்றர் ஆழத்தில் இருக்கிறது. இப்படிப் பல இடங்களில் எடுத்த ஆழங்களைச் சேர்த்தால், நிலத்தடி அடுக்குகளின் வடிவம் தெரியும். வாயு கசியவிடாத பாறை மூடிபோல மேலே வளைந்திருக்கும் இடங்களில் எண்ணெயோ வாயுவோ தங்கக்கூடும். துளையிடுவதற்கு அந்த இடங்களைத்தான் தெரிவுசெய்வார்கள்.

1925இல் எவரெட் டிகோலியர் என்ற புவியியலாளர் அவரைத் திரும்ப அழைத்தார். 1928இல் ஒக்லஹோமாவின் செமினோல் பகுதியில், தெறிப்பு அலைகள் காட்டிய இடத்தில் துளையிட்டு எண்ணெய் கண்டார்கள். 1930இல் யூஜின் மக்டெர்மட்டுடன் சேர்ந்து கார்ச்சர் ஜியோபிசிக்கல் சேர்விஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்.

1941 டிசம்பர் 6ஆம் திகதி அந்த நிறுவனம் மக்டெர்மட்டிடமும் மூன்று சகாக்களிடமும் கைமாறியது. மறுநாள் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. எண்ணெய் தேடிய கருவிகளைச் செய்தவர்கள் நீர்மூழ்கிகளைத் தேடும் கருவிகள் செய்யப் போனார்கள். 1951இல் அது டெக்சாஸ் இன்ஸ்ருமென்ட்ஸ் எனப் பெயர் மாறியது. பிற்காலத்தில் லேசரால் வழிநடத்தப்படும் குண்டுகளையும் உருவாக்கியது. போரில் பிறந்த அறிவு கிணற்றுக்குப் போய், மறுபடி போருக்கே வந்தது. கார்ச்சர் 1978இல் காலமானார்.

அவருடைய முறை எங்கள் கடலுக்கும் வந்தது. 1970களில் சோவியத் உதவியுடன் பேசாலையில் துளையிட்டார்கள், பயன் கிடைக்கவில்லை. 2001இல் மன்னார்ப் படுகையில் கப்பல்கள் நிலஅதிர்வு ஆய்வு செய்தன. கடலில் வெடிமருந்துக்குப் பதிலாக அழுத்திய காற்றை வெளியேற்றி ஒலி எழுப்புவார்கள். 2011இல் கெயார்ன் இந்தியா துளையிட்ட மூன்று கிணறுகளில் இரண்டில் வாயு இருந்தது. ஒன்று வெறுமை. படம் வடிவத்தை மட்டுமே காட்டும், உள்ளே இருப்பதைத் துளையிட்டே அறியவேண்டும். 2015இல் அந்த நிறுவனம் வெளியேறியது. வாயு இன்னும் கடலடியிலேயே இருக்கிறது.

அதனால் எங்களுக்கு வேலை கிடைக்குமா சேர் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். ஆழத்தை மட்டுந்தான் என்னால் கணித்துக் காட்ட முடியும். யார் எடுப்பது, யாருக்குப் பங்கு, ஆய்வுக் கப்பல் வரும் நாட்களில் வலைபோட முடியாத கடற்றொழிலாளருக்கு என்ன பதில் என்பதெல்லாம் சூத்திரத்தில் வராது. அவற்றை, அடுத்த கப்பல் வருவதற்கு முன்னரே, இந்தக் கரையில் இருப்பவர்களிடம் தமிழில் பேசவேண்டும். சத்தம் கேட்டபிறகு எண்ணத் தொடங்குவது எங்களுக்கு ஒருதடவை போதும்.