கொட்டியாரக் குடாவில் சிறைப்பட்டவர் கற்ற மொழி

என் சித்தியிடம் ஒரு காகிதம் இருந்தது. பொலித்தீன் உறைக்குள் போட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு வைத்திருந்தார். 2007இல் சித்தப்பா காணாமல்போன பிறகு ஓர் அலுவலகத்தில் சித்தி கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி அது. அவர் தமிழில் அழுதழுது சொன்னார். எதிரே இருந்தவர் சிங்களத்தில் எழுதினார். இடையில் நின்ற ஒருவர் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் கேட்டுக் கேட்டுச் சொன்னார். கடைசியில் சித்தி கையெழுத்து வைத்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது பல வருடங்களாக எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்தக் காகிதத்தை நான் வாசித்த கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், எங்கள் ஊர்க் கரையில் 1660இல் பிடிபட்ட ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்களம் படிக்கத் தொடங்கிய நாட்களில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தவர் அவர்தான்.

புளியமரத்தடியில்

திருகோணமலை இறங்குதுறையில் லாஞ்சி ஏறி மூதூருக்குப் போனவர்களுக்குக் கொட்டியாரக் குடாவைச் சொல்லித் தரத் தேவையில்லை. மகாவலி கடலில் சேருகிற இடம். அந்தக் குடாவின் கரையில், மூதூரில், ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1893இல் நாட்டப்பட்டது. பாடசாலை போகும் வயதில் அதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரனை ராசாவின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போன இடம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்குமேல் யாரும் சொன்னதில்லை. 2006இல் நாங்கள் வெருகல் பக்கமாக ஓடியபோது எனக்குப் பதினாறு வயது. பிடித்துக்கொண்டு போதல் என்றால் என்னவென்று அதற்குப் பிறகு யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

அந்த வெள்ளைக்காரரின் பெயர் றொபேட் நொக்ஸ். 1641இல் லண்டனில் பிறந்தவர். அவருடைய தந்தையின் பெயரும் அதேதான். தந்தை கிழக்கிந்தியக் கொம்பனிக்காக ஓடிய 'ஆன்' என்ற கப்பலின் தலைவர். 1658இல் மகனும் அந்தக் கப்பலில் புறப்பட்டார். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினக் கரையில் புயல் அடித்தது. கப்பலைக் காப்பாற்ற நடுப்பாய்மரத்தை வெட்டி வீழ்த்த வேண்டியதாயிற்று. புதுமரம் நாட்டுவதற்கு வசதியான இடம் என்று கொட்டியாரத்துக்கு அனுப்பினார்கள். மரம் தயாராகும்வரை வியாபாரம் செய்யலாம் என்று பரங்கிப்பேட்டை வணிகர் சிலரும் கூட வந்தார்கள்.

கரையில் சனங்கள் நன்றாகப் பழகினார்கள். அந்த நம்பிக்கையில்தான் கப்பல்தலைவர் கரை இறங்கிப் புளியமரத்தடியில் இருந்தார். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் திசாவை அனுப்பிய ஆட்கள் அங்கே அவரைப் பிடித்தார்கள். அது 1660 ஏப்ரல். எல்லாமாகப் பதினாறு பேர் பிடிபட்டார்கள். கப்பலையும் வரவழைக்கும்படி சொல்லி மகனைக் கப்பலுக்கு அனுப்பினார்கள். அவர் போய், கப்பலில் இருந்தவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி சொன்னார். அப்படியே தப்பிப் போயிருக்கலாம். போகவில்லை. தந்தைக்குக் கொடுத்த வாக்குக்காகக் கரைக்குத் திரும்பி வந்தார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது.

மாடு கட்டும் கயிறு

பிடிபட்டவர்களைக் கண்டி இராச்சியத்தின் ஊர்களில் பிரித்துப் பிரித்து வைத்தார்கள். சங்கிலி இல்லை, சிறைக்கூடம் இல்லை. ஊர்ச்சனங்கள் சாப்பாடு கொடுக்க வேண்டும், இவர்கள் ஓடிப்போகக் கூடாது என்பது அரச கட்டளை. நொக்ஸையும் தந்தையையும் இன்றைய குருநாகல் மாவட்டத்திலுள்ள பண்டார கொஸ்வத்தையில் விட்டார்கள். இருவருக்கும் காய்ச்சல் பிடித்தது. மாதக்கணக்கில் படுத்துக்கிடந்த தந்தை 1661 பெப்ரவரியில் இறந்தார்.

தகப்பனைப் புதைக்க வேண்டும். நொக்ஸுக்கு எழுந்து நிற்கவே பலம் இல்லை. அதைவிட, உதவி கேட்க அவருக்கு மொழி தெரியாது. பரங்கிப்பேட்டையிலிருந்து தந்தைக்கு ஏவலாளாக வந்த ஒரு சிறுவன் கூட இருந்தான். அவனை ஊராரிடம் அனுப்பி, உடலைத் தூக்க உதவி கேட்கச் சொன்னார். ஊரார் மாடு கட்டும் கயிறு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துப்போவதற்கு. வேறு உதவி வேண்டுமென்றால் காசு கொடுக்க வேண்டும் என்றார்கள். நொக்ஸ் கயிற்றை மறுத்துவிட்டார். அந்தச் சிறுவனையும் கூலிக்குப் பிடித்த ஓர் ஆளையும் வைத்துக்கொண்டு தந்தையைப் புதைத்தார்.

இந்தப் பகுதியை முதலில் வாசித்தபோது அந்த ஊராரில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். சிறுவன் போய் என்ன சொன்னான், எவ்வளவு சொன்னான், அவர்களுக்கு என்ன விளங்கியது? இறந்து கிடப்பவர் தகப்பன் என்பதையும், மகனுக்கு அது எப்படிப்பட்ட இழப்பு என்பதையும் மூன்றாம் ஆளின் வாய் எவ்வளவு தூரம் கொண்டுபோய்ச் சேர்க்கும்? துக்கத்தை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தனுப்பியவர்களுக்கு இது தெரியும். சித்திக்குத் தெரியும்.

தொப்பி பின்னியபடி

தந்தை போன பிறகு நொக்ஸ் சிங்களம் கற்றார். பள்ளிக்கூடம் இல்லை, அகராதி இல்லை. தனித்து விடப்பட்டவருக்குக் கதைக்க வேறு ஆளும் இல்லை. நூல் தொப்பி பின்னி விற்றார். பன்றியும் கோழியும் வளர்த்தார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். ஊர் ஊராகப் போய்ச் சாமான் விற்றார். விலை பேசியவரிடமும் கடன் திருப்பித் தராதவரிடமும் அவர் மொழி படித்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். தாடி வளர்த்தார், வெற்றிலை போட்டார், கண்டிக்கு அருகே எலதெத்தவில் காணி வாங்கி வீடு கட்டினார்.

தாய்மொழியையும் அவர் விட்டுவிடவில்லை. போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த காலத்தில் அங்கிருந்து வந்த கிழவர் ஒருவரிடம் ஆங்கில விவிலியம் ஒன்று இருந்தது. தான் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். பத்தொன்பது வருடமும் அவருடைய ஆங்கிலத்துக்கு அதுதான் துணை.

பின்னாளில் எழுதிய நூலில் சிங்கள மொழிக்கு அவர் இடம் ஒதுக்கியிருக்கிறார். முன்னால் நிற்பவரை அழைப்பதற்கு ஏழெட்டுச் சொற்கள் இருப்பதைக் கவனித்து, தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது வரை வரிசைப்படுத்துகிறார். பெண்களை அழைக்கும் மரியாதைச் சொற்களைத் தனியாகச் சொல்கிறார். ஏர் பிடிப்பவரும் அரண்மனைக்காரரும் ஒரே நயத்தோடு பேசுகிறார்கள் என்று வியக்கிறார். நீ, நீர், நீங்கள் என்று பிரித்துப் பேசும் நமக்கு இதில் புதுமை இல்லை. ஆனால் தன்னைச் சிறைவைத்த நாட்டின் மொழியில் மரியாதை எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு கைதி காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். அதுதான் என்னை நிறுத்தியது.

ஏனென்றால் நாங்கள் கற்ற சிங்களத்தின் முதற் சொற்கள் வேறு. 'பஹின்ன' என்றால் பஸ்ஸிலிருந்து இறங்கு. 'கம கொஹெத' என்றால் ஊர் எது. 'உம்ப' என்றால் நீ. அதுவும் கீழான நீ. நொக்ஸின் பட்டியலில் அந்தச் சொல்லும் இருக்கிறது, தாழ்ந்த பக்கத்தில். சோதனைச்சாவடியில் கற்ற மொழியில் எல்லாமே கட்டளை. கேள்வி கேட்பது எப்படியென்று அங்கே யாரும் கற்றுத் தரவில்லை.

ஊடகக் கற்கை முடித்து வேலைக்காகக் கொழும்புக்குப் போனபோதுதான் எனக்கு வேறு சிங்களம் கிடைத்தது. தங்கியிருந்த ஒழுங்கையின் முனையில் ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்கார அம்மா என் பிழைகளைத் திருத்துவார், சிரிப்பார், ஆனால் ஒருநாளும் 'உம்ப' என்றதில்லை. சாப்பிட்டாயா என்று அவர் கேட்ட அன்றுதான் இந்த மொழியில் அக்கறையாகவும் ஒருவரிடம் கேட்கலாம் என்று எனக்குத் தெரிந்தது. அதன்பிறகு ஒரு கொப்பி வாங்கி எழுத்துகளைப் படித்தேன். என் மனதில் இருந்தது சித்தியின் காகிதம்.

மறுபடியும் ஊமையாக

நொக்ஸ் தப்பிப் போகும் யோசனையை ஒருநாளும் கைவிடவில்லை. சாமான் விற்கும் சாட்டில் வருடக்கணக்காக வடக்குப் பக்கத்துப் பாதைகளைப் பார்த்து வைத்தார். 1679 செப்டெம்பர் 22 அன்று, கூடப் பிடிபட்ட ஸ்டீபன் ரட்லண்டுடன் புறப்பட்டார். இடையில் ஓர் அதிகாரியின் ஊரைத் தாண்ட வேண்டியிருந்தது. நேரே அந்த அதிகாரியிடமே போய், வியாபாரத்துக்குக் காய்ந்த மான் இறைச்சி வாங்க வந்ததாகச் சொல்லிக் கதைத்துக்கொண்டிருந்தார். சந்தேகம் வராத அளவுக்கு அவருடைய சிங்களம் அப்போது ஊர்ச் சிங்களமாகியிருந்தது. அன்று அவரைக் காப்பாற்றியது அந்த மொழிதான்.

ஆனால் அநுராதபுரச் சமவெளிக்கு வந்ததும் அந்த மொழி நின்றுபோயிற்று. அங்கே இருந்தவர்கள் கண்டி மன்னனின் குடிகள்; ஆனால் தமிழர். அவர்களுக்குச் சிங்களம் விளங்கவில்லை. நொக்ஸுக்குத் தமிழ் தெரியாது. அவர்களுடைய தலைவர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துத்தான் இவர்களை விசாரித்தார். பத்தொன்பது வருடம் உழைத்துப் பெற்ற பேச்சோடு நொக்ஸ் மறுபடியும் ஊமையாக நின்றார். இந்தத் தீவில் ஒரு மொழி மட்டும் போதாது என்பதை அவர் நடந்தே அறிந்தார்.

அதன்பிறகு மனித நடமாட்டத்தை விலக்கி ஆற்றோரமாக நடந்தார்கள். அநுராதபுரத்தில் மல்வத்து ஓயா என்றும் மன்னாரில் அருவியாறு என்றும் நாம் அழைக்கிற ஆறு அது. வழியில் வன்னியரின் நிலம். அங்குள்ள தமிழர் தங்களைப் பிடித்து மன்னனிடமே திருப்பி ஒப்படைத்துவிடுவார்களோ என்று இருவரும் பயந்தார்கள். கடைசியில் எதிர்ப்பட்ட தமிழர்கள் உண்ணக் கொடுத்து ஒல்லாந்தர் இருந்த பக்கத்துக்கு வழி சொன்னார்கள். 1679 ஒக்டோபர் 18 அன்று அரிப்புக் கோட்டையை அடைந்தார்கள். நொக்ஸுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

மறுவருடம் லண்டன் போய்ச் சேர்ந்தார். கப்பலிலேயே எழுதத் தொடங்கிய நூல், அறிஞர் றொபேட் ஹூக்கின் உதவியோடு 1681இல் அச்சாகியது. அடுத்த பன்னிரண்டு வருடங்களுக்குள் ஜேர்மன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளுக்கும் போனது. 1720இல் இறக்கும்வரை அவர் திருமணம் செய்யவில்லை. தன் நூலின் பிரதியில் இடைத்தாள் சேர்த்துச் சேர்த்து எழுதிக்கொண்டே இருந்தார்.

மறைக்கக் கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். விடுதலையான நொக்ஸ் மறுபடியும் கொம்பனிக் கப்பலுக்குத் தலைவரானார். மடகாஸ்கரில் மனிதர்களை அடிமைகளாக ஏற்றிச் சென் ஹெலேனாத் தீவுக்குக் கொண்டுபோனார். சிறைப்பட்டவர் என்பதற்காக ஒருவர் நீதிமானாகிவிடுவதில்லை. இன்னொருவரின் மொழியைக் கற்றவர் எல்லோருடைய வலியையும் கற்றுவிடுவதும் இல்லை. அவரை நான் பெரியவராக்கிக் காட்ட இதை எழுதவில்லை. மொழி தெரியாமல் தகப்பனின் உடலோடு நின்ற அந்த ஒரு நாளுக்காகத்தான் எழுதுகிறேன்.

காகிதத்தில் இருந்தது

2016இல் ஊருக்குப் போனபோது சித்தியின் காகிதத்தைக் கேட்டு வாங்கினேன். மை மங்கியிருந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். பெயர் சரி. ஊர் சரி. பிறகு சித்தப்பா வீட்டிலிருந்து போனார், திரும்பி வரவில்லை என்று இருந்தது.

சிங்களத்தில் 'கியா' என்றால் போனார். 'அரன் கியா' என்றால் கொண்டு போனார்கள். காகிதத்தில் இருந்தது முதலாவது மட்டும். முகாமுக்குள் வந்து பெயர் கேட்டவர்கள், சித்தி காலைப் பிடித்துக் கெஞ்சியது, ஏற்றிக்கொண்டு போன வாகனம், ஒன்றும் இல்லை. எழுதியவர் வேண்டுமென்று விட்டாரா, இடையில் நின்றவருக்கு அந்தச் சொல் வரவில்லையா, இனித் தெரிய வழியில்லை. கீழே சித்தியின் கையெழுத்து தமிழில் இருந்தது.

1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. சித்தி அந்த மேசைக்கு முன்னால் இருந்தபோது அதற்கு இருபது வயது. தமிழில் வாக்குமூலம் கொடுக்கிற உரிமை புத்தகத்தில் இருந்தது. தமிழில் எழுதத் தெரிந்த ஆள் மேசையில் இருக்கவில்லை. நாங்கள் சிங்களம் படித்தால் இது தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் படித்தேன், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் கணவனைத் தேடுகிற பெண் முதலில் ஒரு மொழியைக் கற்றுக்கொண்டு வர வேண்டும் என்று எந்த நியாயமும் கேட்க முடியாது.

அன்றிரவு சித்தி சொல்லச் சொல்லப் புதிய முறைப்பாடு ஒன்றை இரண்டு மொழியிலும் எழுதினேன். சிங்களத்தில் எழுதியதை உரத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அந்தச் சொல் எது என்று கேட்டார். விரலால் தொட்டுக் காட்டினேன். இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

பதில் இன்னும் வரவில்லை. இப்போது எந்த அலுவலகத்துக்குப் போனாலும், யார் என்ன கேட்டாலும், சித்தி முதலில் அதைத்தான் சொல்கிறார். அரன் கியா. பிறகு மிச்சத்தைத் தமிழில் சொல்கிறார்.